அமைப்பியலும் அதன் சாட்சிகளும்

ஒரு பொருளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அது இன்னதென்று சொல்லிவிட இயலாது, அது எந்தக் கூட்டத்தில் எந்த ஸ்தானத்தில் நின்று மற்றவற்றோடு எவ்விதம் ஒத்தும் முரணியும் இயங்குகிறது என்பதை அறிந்த பிறகே அதன் இயல்பை நிச்சயிக்கலாம் என்பது, அமைப்பியல் என்று இன்று வழங்கும் கொள்கையின் சாரம். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்தக் கருத்து மொழிநூலில் பிறந்து, மானிடவியலுக்கும் இலக்கிய விமரிசனத்துக்கும் உளநூலுக்கும் பரவி, 1960களில் பாரீஸ் நகரத்து அறிவாளிகளின் நித்திய சம்பாஷணையாக இருந்து, பிறகு பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் வேகம் தணிந்து போயிற்று. வந்து போன ஒரு மோஸ்தரின் கதையாக அதைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கதை, ஓரிடத்தில் அக்கொள்கை ஏன் வேரூன்றிற்று, மற்றோரிடத்தில் ஏன் உதிர்ந்தது என்பதைச் சொல்லாது. அனுமானத்தால் கண்டதை மெய்யென்றோ பொய்யென்றோ வெளியிலிருந்து வந்து உரைக்கும் சாட்சி எங்கெங்கே கிடைத்ததோ அங்கெல்லாம் அமைப்பியல் நிலைத்தது, கிடைக்காத இடங்களில் சாமர்த்தியமான வியாக்கியானமாக நின்றுவிட்டது என்பதே அதன் சரித்திரத்தை நோக்குமிடத்து எனக்குத் தோன்றும் முடிவு.

ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரத்துச் சர்வகலாசாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் நாலா திசைகளிலிருந்தும் மாணவர்களை ஈர்த்துக்கொண்டிருந்தது. அங்கேதான் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர், மனத்தையும் பௌதிகப் பொருள்போலச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்று துணிந்து, 1879ஆம் ஆண்டில் உளநூலுக்கென்று ஒரு பரிசோதனைச் சாலையை ஏற்படுத்தினார். அதே ஊரில், அதே சர்வகலாசாலையில், ஸ்விட்ஸர்லாந்தின் ஜெனீவா நகரத்துப் பிரபல குடும்பமொன்றிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் த சொசூர் என்னும் வாலிபர் ஸம்ஸ்கிருதமும் ஒப்பியல் மொழிநூலும் பயின்றுகொண்டிருந்தார். ஒருவரிடமிருந்து மற்றவர் எதையும் பெற்றதாகத் தெரியவில்லை. ஆயினும் இவ்விருவரிடமிருந்து கிளைத்த இரண்டு மார்க்கங்களும் பிற்காலத்தில் மேல்நாட்டில் ஏறக்குறைய ஒரே பெயரைத் தாங்கின. பெயர் ஒன்றாயினும் போக்கு நேர் எதிரானது: முன்னது முழுமையை உடைத்து அதன் அணுக்களைத் தேடிற்று, பின்னதோ, அணுவென்று நாம் நினைப்பதே மற்றவற்றோடு அதற்குள்ள சம்பந்தத்தால் உண்டாவது என்றது.

வுண்டிடம் பயின்ற ஆங்கிலேயரான எட்வர்ட் டிச்சனர் 1892இல் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலைக்குச் சென்று, 1927இல் இறக்கும் வரையில் அங்கேயே ஆசிரியராக இருந்து, மனத்தின் அமைப்பை ஆராயும் உளநூல் என்று தம் மார்க்கத்துக்குப் பெயரிட்டு வளர்த்தார். அவருடைய முறை அகநோக்கு. மேஜைமீதுள்ள ஆப்பிளைப் பார்ப்பவர், ஆப்பிளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் அது பிழை; இந்த அளவு சிவப்பு, இந்த அளவு பிரகாசம், இன்ன உருவம் என்று, பொருளின் பெயரை அறவே மறந்து, புலன் உணர்ச்சியை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். இவ்விதம் நெடுநாள் பழக்கப்பட்டவர்களே சோதனைக்கு அருகதை உள்ளவர்கள். 1896இல் அவர் வெளியிட்ட நூலில் இவ்வாறு பிரித்தறியத்தக்க உணர்ச்சிகள் 44,000க்கும் மேற்பட்டவை என்று கணக்கிட்டிருந்தார்.

இந்தப் பெருங்கணக்குக்கு இடையூறு, வுண்டின் மற்றொரு மாணாக்கரான ஆஸ்வால்ட் க்யூல்பே வுர்ட்ஸ்பர்க் நகரத்தில் நடத்திய ஆராய்ச்சிகளிலிருந்து வந்தது. அங்கே சோதனைக்கு உட்பட்டவர்கள், உருவமோ ஓசையோ எதுவுமின்றியே சில எண்ணங்கள் தோன்றுகின்றன என்று தெரிவித்தார்கள். கார்னெலில் உட்கார்ந்தவர்களோ, கூர்ந்து நோக்கினால் எந்த எண்ணத்திலும் ஏதேனும் ஒரு புலன் உணர்ச்சி ஒளிந்திருக்கத்தான் செய்கிறது என்றார்கள். இரு சாராரும் பழுத்த அனுபவஸ்தர்கள். இரு சாராரும் தத்தம் உள்ளத்தைத் தாமே பார்த்துச் சொல்பவர்கள். மூன்றாவது மனிதர் ஒருவர் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மனத்துக்கு ஜன்னல் ஏது? வழக்கு தீராமலே கிடந்தது. 1913இல் ஜான் வாட்சன் என்பவர், உள்ளே நடப்பதை விட்டுவிட்டு வெளியே புலப்படும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்று அறிக்கை விடுத்ததும் இளைஞர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். டிச்சனரின் மார்க்கம் அவரோடு முடிந்தது.

சொசூரின் கதை இதற்கு முற்றும் மாறானது. 1878ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்தொரு வயதே நிரம்பிய அவர், இந்தோ ஐரோப்பிய மொழிகளின் ஆதி உயிரொலிகளைப் பற்றி ஒரு நூலை லைப்சிக்கில் வெளியிட்டார். அதன் வாதத்தைத் தமிழருக்குப் பழக்கமான வடசொற்களைக் கொண்டே ஒருவாறு விளக்கலாம். 'கரணம்' என்பதும் 'கிருதம்' என்பதும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை: முன்னதில் அகரம் முழுமையாக நிற்கிறது, பின்னதில் அகரம் மறைந்து, ரகரமே உயிரொலியாகி அசையைத் தாங்குகிறது. எத்தனையோ வினையடிகள் இந்த ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. ஆனால் 'ஸ்தானம்', 'ஸ்திதி' என்னும் இணையில், நெடில் ஆகாரம் இருந்த இடத்தில் ஓர் இகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை விதிவிலக்கு என்று ஒதுக்குவதே அக்காலத்து வழக்கம். சொசூரோ, ஒழுங்கு ஒன்றே என்று வைத்துக்கொண்டால் 'ஸ்தா' என்பதிலுள்ள நெடில் உண்மையில் நெடிலன்று, குற்றுயிர் ஒன்றும் அதன்பின் வேறோர் ஒலியும் சேர்ந்து திரிந்தது; குற்றுயிர் மறைந்தபோது அந்த வேறோர் ஒலியே எஞ்சி இகரமாக வடிவெடுத்தது என்று அனுமானித்தார். அந்த ஒலி, அப்பொழுது அறியப்பட்டிருந்த எந்த மொழியிலும் தன் சுய ரூபத்தில் இல்லை. எங்கும் கேளாத ஓர் ஒலியை, அது இருந்தாக வேண்டிய இடத்தை மட்டும் கொண்டு அவர் நிர்ணயித்தார். லைப்சிக்கின் மூத்த பண்டிதர்கள் பலர் அதை வெறும் கணக்கு விளையாட்டாகவே மதித்தார்கள்.

இதற்கிடையில் துருக்கி நாட்டின் போகாஸ்கோய் என்னும் கிராமத்தருகே, 1906 முதல் நடந்த அகழ்வில், புராதன ஹிட்டைட் ராஜ்யத்தின் களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. 1915இல் செக் தேசத்து அறிஞர் பெட்ரிக் ஹ்ரோஸ்னி, அந்த மொழி இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததென்று காட்டினார். 1927இல் போலந்து நாட்டு மொழிநூலார் குரிலோவிச், அம்மொழியில் ஹகரம்போல எழுதப்பட்டிருந்த ஒரு மெய்யொலி, சொசூர் குறித்துவைத்த இடங்கள் பலவற்றில் வந்து நிற்பதைச் சுட்டினார். காத்தல் என்னும் பொருளில் ஸம்ஸ்கிருதத்தில் 'பா' என்றொரு வினையடி உண்டு. மக்களைக் காப்பவன் என்னும் பொருளுடைய 'நிருபன்' என்ற சொல்லின் ஈற்றில் இருப்பது அதுவே. அதே பொருளுடைய ஹிட்டைட் வினையடி 'பஹ்ஸ்' என்பது. வடமொழியில் நெடிலாகக் கரைந்துபோன ஒலி, மண்ணுக்கடியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்த ஏட்டில் அழியாமல் இருந்தது! சொசூர் 1913இலேயே காலமாகிவிட்டார். டிச்சனர் கண்மூடிய அதே 1927இல், சொசூரின் அனுமானத்துக்குப் பிரத்தியட்சம் வந்து சாட்சி சொல்லிற்று.

ஆனால் சொசூரை உலகம் அறிந்தது இந்த நூலால் அன்று. பாரீஸில் பத்தாண்டு போதித்தபின் 1891இல் ஜெனீவாவுக்குத் திரும்பிய அவர், 1907 முதல் 1911 வரையில் மூன்று தவணைகளாகப் பொது மொழிநூல் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். கேட்டவர்கள் ஒரு சிலரே. அவர் இறந்தபின், அந்தச் சொற்பொழிவுகளுக்குச் சென்றிராத அவருடைய சகாக்களான ஷார்ல் பாய், ஆல்பெர்ட் செஷ்ஏ என்னும் இருவர், மாணவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி 1916இல் ஒரு நூலாக்கினார்கள். ஒருவர் பேசும் பேச்சு வேறு, அப்பேச்சைச் சாத்தியமாக்கும் மொழி என்னும் ஒழுங்கு வேறு என்பதும், மொழியில் உள்ளவை அனைத்தும் வேற்றுமைகளே என்பதும் அந்நூலின் பிரதான உபதேசங்கள். ஜெனீவாவிலிருந்து பாரீஸுக்கு இரவு எட்டே முக்கால் மணிக்குப் புறப்படும் ரயில், எஞ்சினும் பெட்டியும் ஊழியர்களும் தினந்தோறும் மாறினாலும் அதே ரயில்தான் என்பது அவர் காட்டிய திருஷ்டாந்தம். கால அட்டவணையில் அதற்குரிய இடமே அதை அந்த ரயிலாக்குகிறது.

இந்த உபதேசத்தை ஒலிகளின் விஷயத்தில் செயற்படுத்திக் காட்டியவர்கள், 1926இல் ப்ராக் நகரத்தில் கூடிய மொழிநூற் சங்கத்தார். அவர்களுள் தலைசிறந்தவர்கள், ருஷ்யப் புரட்சிக்குப்பின் தாய்நாட்டைவிட்டு வந்த நிக்கலாய் துருபெத்ஸ்கோயும் ரோமான் யாக்கப்சனும். வாயில் பிறக்கும் ஒலிகள் கணக்கற்றவை. பொருளைப் பிரிக்கும் ஒலிகளோ ஒவ்வொரு மொழியிலும் சிலவே. 'கப்பம்' என்னும்போது வல்லோசையாகவும் 'கம்பம்' என்னும்போது அதிர்வோசையாகவும் நம் நாவில் பிறக்கும் இரண்டையும் தமிழ் ஒரே பகரமாகக் கொள்கிறது. வடமொழியிலோ வலிமையைக் குறிக்கும் 'பல'மும் பழத்தைக் குறிக்கும் 'பல'மும் பகரத்தின் இத்தகைய பேதத்தாலேயே வெவ்வேறு சொற்களாகின்றன. மாறாக, 'கலை', 'களை', 'கழை' என்று தமிழ்க்காது நுட்பமாகப் பிரிப்பதை அயல்நாட்டார் பலர் ஒன்றென்றே கேட்பர். ஒலிகளின் இந்த ஒழுங்கைச் சோதிக்க விசேஷக் கருவி வேண்டுவதில்லை. ஓர் ஒலியை மாற்றிச் சொல்லிப் பொருள் மாறுகிறதா என்று அம்மொழி பேசும் எவரையும் கேட்கலாம். சாட்சிக்குப் பஞ்சமே இல்லாத இத்துறையில் அமைப்பியல் ஐயத்துக்கு இடமின்றி வென்றது. அது வென்றதை இன்று எவரும் நினைப்பதுகூட இல்லை, ஏனெனில் அது பாடபுத்தகம் ஆகிவிட்டது.

1938இல் நாஜிகள் வியன்னாவைக் கைப்பற்றியபின், ரகசியப் போலீசார் வீட்டைச் சோதனையிட்டுக் காகிதங்களை எடுத்துச் சென்ற சிறிது காலத்துக்குள் துருபெத்ஸ்கோய் இருதய நோயால் மாண்டார். அவருடைய பெருநூல் முற்றுப்பெறாமலே மறு ஆண்டு வெளிவந்தது. யாக்கப்சன் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் என்று நாடு நாடாக ஒதுங்கி, 1941இல் நியூயார்க்கை அடைந்தார். அதே ஆண்டில், பிரேஸிலின் பழங்குடிகளிடையே ஆராய்ச்சி செய்து திரும்பிய யூத வம்சத்துப் பிரெஞ்சுக்காரரான குளோத் லெவி ஸ்த்ரோஸும் அங்கே வந்து சேர்ந்தார். நாடிழந்த பிரெஞ்சு அறிஞர்கள் 1942இல் அந்நகரத்தில் ஏற்படுத்திய கல்லூரியில், லெவி ஸ்த்ரோஸின் வகுப்பில் யாக்கப்சனும், யாக்கப்சனின் வகுப்பில் லெவி ஸ்த்ரோஸும் உட்கார்ந்து கேட்டார்கள். ஒலிகளைப் பற்றிக் கேட்டவர், உறவுமுறைகளும் இவ்விதமே அமைந்தவை அல்லவா என்று எண்ணினார். யாக்கப்சன் தூண்ட அவர் எழுதி 1949இல் வெளியிட்ட உறவுமுறைகள் பற்றிய பெருநூல், நெருங்கிய உறவில் மணம் கூடாதென்னும் விலக்கு வெறும் தடையன்று, பெண் கொடுத்துப் பெண் கொள்ளும் பரிமாற்றத்தை ஏவும் கட்டளை என்று வாதித்து, மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கும் வழக்கத்தை விஸ்தாரமாக ஆராய்ந்தது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு இச்சரித்திரத்தில் உண்மையான ஒரு பங்கு ஏற்படுகிறது. லூயி துய்மோன் என்னும் பிரெஞ்சு மானிடவியலார், 1949ஆம் ஆண்டை ஒட்டி மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் வாழும் ஊர்களில் தங்கி, அவர்களுடைய குடும்ப வாழ்வையும் தெய்வ வழிபாட்டையும் ஆராய்ந்தார். 1953இல் அவர் எழுதிய கட்டுரையொன்று, திராவிட உறவுப் பெயர்களின் ஒழுங்கைப் புதுவிதமாக விளக்கிற்று. மாமன் என்பவர் தாயின் சகோதரர் என்றே மேல்நாட்டார் இரத்த சம்பந்தத்தைக் கொண்டு எழுதிவந்தார்கள். துய்மோன், அவரைத் தந்தையின் மைத்துனர் என்று பார்க்க வேண்டும் என்றார். தந்தைக்கு மைத்துனர் இருப்பதால் மகனுக்கு மாமன். மாமனுக்கு மகன் இருப்பதால் இவனுக்கு மைத்துனன். சொத்தும் பகையும் போலச் சம்பந்தமும் தலைமுறை தலைமுறையாகச் சுதந்தரமாக இறங்குகிறது என்பது அவர் கண்ட நுட்பம். பங்காளி ஒரு பக்கம், மாமன் மைத்துனன் ஒரு பக்கம் என்று உறவினர் அனைவரும் இரு கூறாகப் பிரிவதும், மணந்த பெண்ணின் தந்தை இரத்த உறவே இல்லாதவராயினும் மாமா ஆவதும் இதனால் விளங்கின.

இதற்குச் சாட்சி உண்டா? அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இலேயே, தமிழரின் உறவுப் பெயர்களும் அமெரிக்காவின் இரோக்வாய் பழங்குடியாரின் உறவுப் பெயர்களும் வியக்கத்தக்க விதமாக ஒத்திருப்பதைக் கண்டு, அப்பழங்குடியார் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கே அதை ஆதாரமாகக் கொண்டார். கிட்டிய உறவுகளில் ஒப்புமை மெய்தான். சற்று எட்டிப் போய்ப் பார்ப்போம். அப்பாவின் அத்தை மகள் எனக்கு என்ன முறை? நம் கிராமத்துக் கிழவி ஒருத்தி கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுவாள்: அவள் அப்பாவுக்கு முறைப்பெண், ஆகவே எனக்குச் சின்னம்மா முறை, அவள் பிள்ளைகள் எனக்கு அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, கொள்வினை கொடுப்பினை கூடாது. அப்பாவின் சித்தப்பா மகளோ எனக்கு அத்தை. அவள் மகள் எனக்கு முறைப்பெண். இரோக்வாய் மக்களிடம் இந்தப் பிரிவினை இல்லை. அப்பாவின் வழியில் அவர் தலைமுறைப் பெண்கள் இருவருமே அவர்களுக்கு அத்தைதான். 1964இல் ஃப்ளாய்ட் லவுன்ஸ்பரி என்னும் மொழிநூலார் இந்த வேறுபாட்டைத் தெளிவாக நிறுவினார். மணசம்பந்தமே திராவிட முறையின் அச்சு என்றால் தூரத்து உறவில் எது வர வேண்டுமோ அது இங்கே வந்து நிற்கிறது. அந்த அச்சு இல்லாத இடத்தில் அது வருவதில்லை. நூற்றாண்டு நம்பிக்கையொன்றை வீட்டுத் திண்ணையில் வழங்கும் முறைகூறல் திருத்திவிட்டது.

இதே துய்மோன், 1966இல் இந்தியச் சாதி அமைப்பு முழுமைக்குமே ஒரு நூல் எழுதி, சுத்தம், அசுத்தம் என்னும் ஒரு முரணிலிருந்து அதைத் தருவிக்க முயன்றபோது, அவருக்கு அத்தகைய சாட்சி கிடைக்கவில்லை. அது பிராமண சாஸ்திரங்களின் கண்ணால் கண்ட இந்தியா என்றும், நிலமும் அதிகாரமும் பலாத்காரமும் அதில் கணக்கில் வரவில்லை என்றும், சாதியின் அடிநிலையில் நிறுத்தப்பட்டவர்கள் அந்த ஒழுங்கை ஒப்புக்கொண்டார்களா என்று கேட்கப்படவில்லை என்றும் ஆட்சேபங்கள் எழுந்தன. உறவுப் பெயர்கள் எண்ணக்கூடிய சில, சமூகமோ எல்லையற்றது. ஒரே ஆசிரியரின் இரண்டு ஆக்கங்களுக்கு நேர்ந்த கதி, கொள்கையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டுகிறது.

கதைகளின் துறையில், ருஷ்யரான விளாதிமிர் ப்ராப் 1928இலேயே நூறு மாயக்கதைகளை ஆராய்ந்து, பாத்திரங்கள் எத்தனை விதமாக மாறினாலும் அவர்கள் செய்யும் காரியங்கள் 31க்கு மேற்படுவதில்லை, அவற்றின் வரிசையும் மாறுவதில்லை என்று நிர்ணயித்தார். அடுத்து ஒரு கதை கிடைத்தால் அதில் இந்த வரிசை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆகையால் அவர் நூல் இன்றும் பயன்படுகிறது. 1955இல் லெவி ஸ்த்ரோஸ் கிரேக்கரின் ஈடிபஸ் கதையை எடுத்துக்கொண்டபோது வழி வேறாயிற்று. தாயை மணத்தல், தடையை மீறிச் சகோதரனை அடக்கம் செய்தல் என உறவை மிகையாகப் பாராட்டுவன ஒரு நிரல். தந்தையைக் கொல்லுதல், சகோதரர் ஒருவரையொருவர் கொல்லுதல் என உறவைக் குறைத்து மதிப்பன ஒரு நிரல். அரக்கப் பிராணிகளை வதைத்தல் ஒரு நிரல். கால் ஊனத்தைக் குறிக்கும் பெயர்கள் ஒரு நிரல் என்று நான்காக அடுக்கி, மனிதன் மண்ணிலிருந்து பிறந்தானா, மாதா பிதாவிடமிருந்து பிறந்தானா என்னும் தீராத வினாவே கதையின் உட்கிடை என்றார். தெருவில் சாமான் விற்பவன் தன் கருவியை இயக்கிக் காட்டுவது போன்றதே இது, விஞ்ஞான நிரூபணமன்று என்று அவரே அங்கே எச்சரித்திருக்கிறார். பின்பற்றியவர்கள் அந்த எச்சரிக்கையைப் படித்ததாகத் தெரியவில்லை. 1964 முதல் 1971 வரையில் நான்கு பெருந்தொகுதிகளாக அமெரிக்கப் பழங்குடிகளின் புராணக் கதைகளை அவர் பின்னிக் காட்டியது மகத்தான காரியம். எனினும் அதே கதைகளை வேறொருவர் வேறு முரண்களாக அடுக்கினால் இன்னது சரியென்று சொல்ல ஹிட்டைட் ஏடு போன்ற எதுவும் வரப்போவதில்லை.

கவிதையின் விஷயமும் அப்படியே. 1962இல் யாக்கப்சனும் லெவி ஸ்த்ரோஸும் சேர்ந்து, பூனைகளைப் பற்றிப் பிரெஞ்சுக் கவி போதலேர் பாடிய பதினான்கு வரிப் பாடல் ஒன்றைப் பெயர், வினை, பால், எண், இயைபு என்று அக்கக்காகப் பிரித்து அதன் சமச்சீர் அமைப்பை வெளிப்படுத்தினார்கள். 1966இல் மைக்கேல் ரிஃபாத்தேர் என்னும் விமரிசகர், இவற்றுள் பல, பாடலைப் படிக்கும் எவருடைய கவனத்துக்கும் வாராதவை, அங்ஙனமாயின் அவை கவிதையின் பகுதியாவது எப்படி என்று கேட்டார். ஒலிநூலில் மொழி பேசுபவனிடமே தீர்ப்பைக் கேட்டவர்கள், கவிதையில் வாசகனைக் கேளாமல் விட்டது விசித்திரமே. ரோலான் பார்த் என்னும் நயமிக்க எழுத்தாளர், எல்லாக் கதைகளுக்கும் ஒரு பொது இலக்கணம் வகுக்கும் ஆசையை 1966இல் வெளியிட்டார். 1970இல் பால்ஸாக்கின் ஒரு கதையை 561 துண்டுகளாக நறுக்கி ஆராய்ந்த நூலின் தொடக்கத்திலேயே அந்த ஆசையைக் கைவிட்டதாக அறிவித்தார்.

உளநூலில் மட்டும், டிச்சனர் தோற்ற இடத்துக்கு அமைப்பு என்னும் கருத்து வேறு வாயிலாகத் திரும்பிவந்தது. சொசூரின் ஜெனீவாவிலேயே ழான் பியாஜே, குழந்தையின் அறிவு எவ்வகை ஒழுங்குகளாகப் படிப்படியே அமைகிறது என்று ஆராய்ந்தார். அகலமான கிண்ணத்து நீரை ஒடுங்கிய உயரமான கிண்ணத்தில் ஊற்றினால் நீர் அதிகமாகிவிட்டது என்று ஒரு வயதில் சொல்லும் குழந்தை, சில ஆண்டுகள் கழித்து அளவு மாறவில்லை என்று காரணத்தோடு கூறுகிறது. எந்த நாட்டிலும் எந்த வீட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வயதெல்லைகளும் விளக்கங்களும் பிற்காலத்தாரால் திருத்தப்பட்டன. திருத்த முடிந்தது என்பதே அக்கொள்கைக்குக் கௌரவம். 1968இல் அவர் அமைப்பியலைப் பற்றியே ஒரு சிறுநூல் எழுதினார்.

அதற்குள் பாரீஸில் காற்று திசைமாறிவிட்டது. தத்துவ அறிஞர் ஃபூக்கோவின் புகழ்பெற்ற நூலும் உளப்பகுப்பாய்வாளர் லக்கானின் கட்டுரைத் திரட்டும் வெளிவந்த 1966ஆம் ஆண்டு அக்கொள்கையின் உச்சம். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் கூடிய அறிஞர் மகாநாட்டில் ழாக் தெரிதா என்னும் இளைஞர், எந்த அமைப்புக்கும் தான் அசையாமல் நின்று தாங்கும் மையம் உண்டு என்ற நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்கினார். 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் மாணவர் கிளர்ச்சி வெடித்தபோது, மனிதர் செய்யும் மாற்றங்களுக்கு இக்கொள்கையில் இடமெங்கே என்ற குரல் வலுத்தது. தமிழில் தமிழவன் 1982இல் 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்ற நூலை வெளியிட்டு அதை விரிவாக அறிமுகப்படுத்தியபோது, பிறந்த நாட்டில் அதன் ஆரவாரம் அடங்கியிருந்தது. ஆயினும் ஆசிரியரின் சரிதத்தைக் கொண்டும் கருத்தின் நன்மை தீமையைக் கொண்டுமே நூல்களை மதித்துவந்த நம் விமரிசகர்களிடையே அது பயனுள்ள ஒரு கலகத்தை உண்டாக்கிற்று.

ஒரு கொள்கை தோற்றதென்றும் வென்றதென்றும் மொத்தமாகச் சொல்வது சரித்திரத்துக்கு அழகன்று. ஒலி, உறவுப் பெயர், குழந்தையின் விடை என, எண்ணி முடியக்கூடியவையும் பிறரால் சோதிக்கத்தக்கவையும் உள்ள துறைகளில் அமைப்பியல் சம்பாதித்தது இன்றும் கரையாத மூலதனம். புராணமும் காவியமும் சமுதாயமும் போன்ற கரையற்ற துறைகளில் அது தந்தது கூர்மையான ஒரு பார்வை. அந்தப் பார்வையைச் சாஸ்திரம் என்று அழைத்ததே வினையாயிற்று. இனி வரும் கொள்கைகளையும், அவை எத்தனை நாகரிகமான மொழியில் பேசினாலும், நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே: உமது அனுமானம் பொய்யானால், அதை எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்?